ராமேஸ்வரத்துக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் குடும்பங்கள் ராமேஸ்வரம் போய்வரும் விதம் எனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை ராத்திரி வேன். சனிக்கிழமை காலை இறங்கினதும் அக்னி தீர்த்தம், 22 கிணறு, தரிசனம். மத்தியானம் மண்டையைப் பிளக்கும் வெயிலில் தனுஷ்கோடி. சாயங்காலம் கலாம் நினைவிடம். அன்று ராத்திரியே திரும்ப வேன். வழியில் மதுரை மீனாட்சியையும் 'அப்படியே' ஒரு பார்வை. ஞாயிறு நள்ளிரவு வீடு. திங்கட்கிழமை காலை எஸ்டேட்டில் ஷிப்டு. செவ்வாய்க்கிழமை என் கிளினிக்கில் கூட்டம்!

ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு, குழந்தைக்குக் காய்ச்சல். இதெல்லாம் நாலு நாளில் சரியாகிவிடும். சரியாகாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

திருமுல்லைவாயிலிலிருந்து வரும் ஓர் அம்மா. வயது 62. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ஒரு மே மாதம் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு மேலே சொன்ன அதே கணக்கில் போய்வந்தார்கள். வந்த ஒன்பதாம் நாள் என்னிடம் வந்து, "தம்பி, கால் விரல்ல சின்னதா ஒரு புண்ணு. ஏதாச்சும் பச்சிலை கட்டிவிடுங்க" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியே இல்லையே!" என்று சிரித்தார். எனக்கு அங்கேதான் பகீரென்றது.

புண்ணைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. போர்வையில் ரத்தக்கறையைப் பார்த்த மருமகள். மத்தியானம் கடற்கரையிலிருந்து கோயில் வாசல் வரை சுடுகிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். பேரன் 'சுடுது சுடுது' என்று துள்ளியிருக்கிறான். பாட்டிக்குச் சுடவில்லை! நாள்பட்ட சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். கொப்புளம் வரும், உடையும், சீழ் வைக்கும். தகவல் மட்டும் மூளைக்குப் போகாது.

என் அலமாரியில் மத்தன் தைலம் இருந்தது. புண்ணுக்கு நாங்கள் தலைமுறையாகப் பயன்படுத்தும் தைலம்தான். ஆனால் விரல் கறுத்து, நாற்றம் வந்து, கணுக்கால் வரை சிவந்துவிட்ட காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருப்பது வைத்தியம் இல்லை, குற்றம். ஆட்டோ பிடித்து அறுவை சிகிச்சை இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அப்போதே அனுப்பினேன். ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது.

ஒரு வருஷம் கழித்து அதே அம்மா வந்து என்ன கேட்டார் தெரியுமா? "நான் மறுபடி ராமேஸ்வரம் போகணும் தம்பி. போன தடவை எதையுமே பார்க்கலை. ஓடிக்கிட்டே இருந்தோம்." மகன் முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் போகலாம் என்றேன். ஆனால் ஐந்து நாள் வேண்டும் என்றேன்.

"அஞ்சு நாளா! அங்கே என்ன சார் இருக்கு அஞ்சு நாளுக்கு?" என்றார் மகன். மருமகள்தான் குறுக்கே பேசினார். அவருடைய அண்ணன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாராம். வருஷா வருஷம் மத்தியதரைக் கடலில் ஏதாவது ஒரு தீவுக்குப் பத்து நாள் குடும்பத்தோடு போய்விடுவாராம். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவில் ஒரே வீட்டில் தங்கி, காலையில் கடற்கரை, மத்தியானம் சாப்பாடு, ஓய்வு, சாயங்காலம் நடை. அவ்வளவுதான் புரோகிராம்! அந்த ஊர்களில் மதியம் பல கடைகளை அடைத்துவிடுவார்கள். உச்சிவெயிலில் உள்ளூர்க்காரன் எவனும் சுற்றமாட்டான். வெயிலோடு பழகின ஜனங்களின் புத்தி அது. உச்சிவேளை பித்தம் ஓங்குகிற நேரம் என்று எங்கள் சித்த மருத்துவம் சொல்வதும் அதே சங்கதிதான். (பகல் தூக்கத்தை மட்டும் எங்கள் நூல்கள் ஒத்துக்கொள்வதில்லை. படுத்து ஓய்வெடுங்கள், புத்தகம் படியுங்கள். குறட்டை வேண்டாம்!)

நமக்கும் ஒரு தீவு இருக்கிறது என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. கோயில் என்று சொல்கிறோமே தவிர, பாம்பன் தீவு என்று யார் சொல்கிறோம்? 1914-ல் ரயில் பாலம் வரும்வரை படகில்தான் போக வேண்டும். சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிப்ட் மாதிரி மேலே எழும்புகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

சரி, எப்போது போவது? பள்ளிக்கூட விடுமுறை என்று எல்லோரும் ஏப்ரல், மே மாதத்தில் கிளம்புகிறீர்கள். வெயில் ஒரு பக்கம். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 'தீவுக்குப் போய் மீன் சாப்பிடலாம்' என்று போனால் நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் கொஞ்ச மீன்தான் புதுசு. மற்றது எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ! அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியையும், அதை நோக்கிப் போன பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோன கதையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஜனவரி, பிப்ரவரிதான் என் சிபாரிசு. தை அமாவாசை, மகா சிவராத்திரித் தேதிகளை மட்டும் காலண்டரில் பார்த்துத் தள்ளிவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் வயசானவர்களைக் கூட்டிப்போவது வேண்டாத வேலை. ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு என்பதால், பொங்கலை ஒட்டிப் போகிறவர்கள் நவம்பரிலேயே உஷாராக இருக்க வேண்டும்.

வேன் வேண்டாம், ரயிலில் போங்கள். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் 550 கிலோமீட்டருக்கும் மேல். ராத்திரி முழுக்க காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும், சிலருக்கு ரத்தம்கூடக் கட்டிக்கொள்ளும். பெர்த்தில் காலை நீட்டிப் படுக்கலாம், கழிவறை இருக்கிறது. வேனில் அது இல்லை என்பதற்காகவே நம் பெண்கள் பத்து மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். திரும்பி வந்து நீர்க்கடுப்பு என்று என்னிடம் நிற்பார்கள்! ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ ஸ்டேஷனுக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். ரயில் எழும்பூரிலா தாம்பரத்திலா என்று டிக்கெட்டில் பார்த்து, நிதானமாகக் கிளம்புங்கள். பிரயாணத்தில் குமட்டல் வருகிறவர்கள் ஒரு துண்டு இஞ்சியை மென்றால் போதும்.

இறங்கிய அன்று எங்கேயும் போகாதீர்கள். ஆமாம், கோயிலுக்கும்தான்! குளியுங்கள், இட்லி சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள். சாயங்காலம் செருப்போடு கடற்கரையில் ஒரு நடை. போதும். சாமி எங்கேயும் போய்விடமாட்டார்.

இரண்டாம் நாள் விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம். அந்த நேரத்தில் தரை குளிர்ந்திருக்கும். பிராகாரத்துக்குள் நிழல்தான், பயமில்லை. ஆனால் வெளிப் பிராகாரம் ஒரு சுற்று அரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் பாதியில் உட்கார்ந்து தூண்களை ரசியுங்கள். தீர்த்தமாடுவதை அன்றைக்கே வைக்காமல் மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

தீர்த்தமாடுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 22 இடத்தில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுகிறார்கள். கல் தரை முழுக்க ஈரம். எழுபது வயதில் அங்கே வழுக்கி விழுந்தால் உடைவது இடுப்பு எலும்பு. ஒரு கையைப் பிள்ளையோ மருமகளோ பிடித்தே நடக்க வேண்டும், வெட்கப்படாதீர்கள். சர்க்கரைக்காரர்கள் செய்யும் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிடுவார்கள், 'தீர்த்தமாடிவிட்டுச் சாப்பிடலாம்' என்று வெறும் வயிற்றில் வரிசையில் நிற்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ உள்ளே போனபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை மடமடவென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல்... 'கூட்டத்தில் மயக்கம்' என்று விசிறிக்கொண்டிருப்பார்கள். அப்போது தேவை விசிறி இல்லை, சர்க்கரை! நாலு குளுகோஸ் பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் மடியில் இருக்கட்டும். அன்றைய மருந்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று உங்கள் டாக்டரிடம் ஊரிலேயே கேட்டுவிடுங்கள். இருதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மூன்று சொட்டு தலையில் தெளித்துக்கொண்டால் போதும். ஈர உடையோடு தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணியும் காலைத் துடைக்கத் துண்டும் கையோடு இருக்கட்டும். விரல் இடுக்கில் ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு அதுவே வாசல்.

இன்சுலினை ரயிலில் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். லாட்ஜில் பிரிட்ஜ் இல்லையென்றால், கவரில் சுற்றி, ஈரமண் பானைக்குள் வைத்தால் வெயில் தாங்கும்.

நான்காம் நாள் தனுஷ்கோடி. காலை ஏழு மணிக்கெல்லாம் ஆட்டோவில் இருக்க வேண்டும். அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல ரோடு. நிழல் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்கவே இறங்காதீர்கள். ஜனவரியில் போனால் வழியில் தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். இன்னொரு அதிசயம்: சுற்றிலும் உப்புக்கடல், ஆனால் மணலில் நாலைந்து அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர்! மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மெல்லிய ஏடுபோல மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். மத்தியதரைக் கடலில் மால்டா என்ற தீவில் நிலத்தடி நீர் போதாமல் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிநீரில் பெரும்பங்கு எடுக்கிறார்கள். நீங்கள் ஊற்றுத்தண்ணீரை ருசி பார்க்காதீர்கள். கொதிக்கவைத்த நீரோ, சீல் பிரிக்காத பாட்டிலோதான். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கலந்து அடிக்கடி குடியுங்கள். இளநீர் நல்லதுதான், கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் கூடாது. பனங்கற்கண்டு, கருப்பட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்க்கரைக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம், அதுவும் சர்க்கரைதான். கருவாட்டைப் பார்த்து ரத்தக்கொதிப்புக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்!

வெயிலில் யாருக்காவது பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பெரிய சிகிச்சைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ராமநாதபுரம் போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் நாள் சும்மா இருங்கள். சாயங்காலம் ரயில்.

அந்த அம்மா ஜனவரியில் போய்வந்தார். ஒவ்வொரு ராத்திரியும் மருமகள் டார்ச் அடித்து, கண்ணாடி வைத்து, இரண்டு பாதத்தையும் அடிப்பக்கம், விரல் இடுக்கு எல்லாம் பார்த்திருக்கிறார். "அத்தை கூச்சப்படுறாங்க டாக்டர், ஆனா நான் விடலை" என்றார். வீடு திரும்பிய பின்னும் பத்து நாள் பார்க்கச் சொல்லியிருந்தேன், பார்த்திருக்கிறார்கள். காலில் ஒரு கீறல் இல்லை. "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன்.

"மூணாம் பிராகாரத்துல ஒரு தூணுல சாய்ஞ்சு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் தம்பி. யாரும் 'கிளம்பு கிளம்பு'ன்னு சொல்லலை" என்றார்.