மதிய மந்தத்துக்கு என்ன மருந்து?

மதியம் இரண்டரை மணி. கணக்கு எழுதுபவர் ஒரே பக்கத்தை மூன்றாவது முறை கூட்டுகிறார். ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண் கொட்டாவியை அடக்குகிறார். தையல் மெஷின் முன் இருப்பவருக்குக் கண் சொருகுகிறது. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டால் ‘சோம்பேறி’ என்ற பட்டம் நிச்சயம். அந்தப் பட்டம் நியாயமே இல்லாதது. இந்த அசதிக்கு உடலுக்குள் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் பெருமளவு சமாளிக்கவும் முடியும்.

இரண்டு விசைகளின் இழுபறி

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது செலவழிக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக்கூடத் தூக்கம் அழுத்தும்; தூங்கும்போது அது குறையும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பது உடல் கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் திரண்டு இந்த வேலையைச் செய்கின்றன. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அவை பொழுதை அறிந்துகொள்கின்றன. இத்தகைய கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு மதியம் இரண்டு மணிக்குள் எட்டு மணி நேரத்து அடினோசின் சேர்ந்திருக்கும். கடிகாரம் தரும் விழிப்போ மாலையில்தான் உச்சத்துக்கு வரும். இடையில் ஏற்படும் சரிவுதான் மதிய மந்தம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, தூங்காமலேயே தெம்பு திரும்புவதும் இதனால்தான்.

சோறும் காபியும்

‘உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு’ என்பார்கள். மதியம் சாப்பிடாதவருக்கும் இந்தச் சரிவு வரும். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது இன்னும் ஆழமாகும். நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களைக் குளுக்கோஸ் அடக்குகிறது, புரதத்திலுள்ள அமினோ அமிலங்கள் தூண்டுகின்றன என்று எலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மதியத் தட்டில் வெள்ளைச் சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய்கறியைக் கூட்டுவது நல்லது.

காபியிலுள்ள கஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் அசதியைக் கூட்டும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது. அவற்றிலுள்ள டானின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. இது நமக்கு முக்கியமான செய்தி. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாள் முழுக்க அசதி விடவில்லை என்றால் ஒருமுறை ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நடையும் குட்டித் தூக்கமும்

ஆஸ்திரேலியாவில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் கொண்டவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தார்கள். உட்கார்ந்தே இருந்த நாளோடு ஒப்பிட்டால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. தண்ணீர் பிடிக்கவாவது எழுந்திருங்கள். தாகமும் மந்தத்தைக் கூட்டும்.

நெடுந்தூர விமானிகளுக்கு நாசா 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தது. அவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வு கிடைக்காத விமானிகளைவிட விழிப்போடு பணிசெய்தார்கள். நமக்கு 15, 20 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கம் பிடித்து, எழுந்த பிறகும் தலை கனக்கும்.

இவையெல்லாம் தனி மனிதர் கையில் மட்டும் இல்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுக்க நிற்பவருக்கு அந்த நாற்காலி சலுகை அல்ல, உரிமை. முதலாளிகளே, மேலாளர்களே! கவனம் தேவைப்படும் வேலையைக் காலையில் கொடுங்கள். சாப்பிட்டவுடன் கூட்டம் போடாதீர்கள். மதியம் கால் மணி நேரம் கண்ணை மூட அனுமதியுங்கள். தெம்போடு இருக்கும் ஊழியர் தவறில்லாமல் வேலை செய்வார். வீட்டுக்கும் நலமாகத் திரும்புவார்.