நியூட்ரானின் ஆயுள்: 10 வினாடி வழக்கு!

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அங்கே விளையும் மலை வாழைப்பழம் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு வருகிறது. வாங்குகிறோம், உரித்துச் சாப்பிடுகிறோம். அதற்குள் நடக்கும் விந்தை எத்தனை பேருக்குத் தெரியும்?

வாழைப்பழத்தில் பொட்டாசியம் என்ற சத்து உண்டு. அதன் அணுக்களில் சுமார் பத்தாயிரத்துக்கு ஒன்று நிலையில்லாதது. நடுத்தரப் பழம் ஒன்றில் வினாடிக்குப் பத்துப் பதினைந்து அணுக்கள் வேறு அணுக்களாக மாறுகின்றன. பயம் வேண்டாம்! நம் உடம்பிலேயே இது வினாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கிறது. தாராளமாகச் சாப்பிடலாம்.

அணுவின் நடுவே புரோட்டான், நியூட்ரான் என்று இரு வகைத் துகள்கள் உள்ளன. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு நியூட்ரான் புரோட்டானாகிவிடுகிறது, ஓர் எலெக்ட்ரான் வெளியே பாய்கிறது. கூடவே, கருவிக்கு எளிதில் சிக்காத இன்னொரு துகளும் ஓடிவிடுகிறது. இதற்குப் பெயர் பீட்டா சிதைவு.

தாம்பரத்தில் படித்தவர்

இதன் விதியைக் கண்டவர்களில் ஒருவர் நம் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்! கோட்டயம் அருகே பிறந்த ஈ.சி.ஜி. சுதர்சன். அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அவர், 1957-ல் பேராசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து இந்த விதியை வகுத்தார். நான்கு பரிசோதனைகள் அதற்கு எதிராக இருந்தன. அவற்றில் ஒன்று நியூட்ரானைப் பற்றியது. விதி சரிதான், பரிசோதனைகளைத்தான் மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்றார்கள் இருவரும். என்ன துணிச்சல்! மறுபடி செய்தபோது பழைய முடிவுகளே தவறு என்று தெரிந்தது. 2018-ல் காலமான சுதர்சனுக்கு நோபல் பரிசு கிடைக்கவே இல்லை.

எது சரி?

அணுவை விட்டு வெளியே வந்த நியூட்ரானின் சராசரி ஆயுள் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மிக மெதுவாக நகரும் நியூட்ரான்களைக் கலத்தில் அடைத்து, மிச்சம் எத்தனை என்று எண்ணினால் 14 நிமிடம் 38 வினாடி வருகிறது. வாய்க்கால் நீர்போல் ஓடவிட்டு, பிறக்கும் புரோட்டான்களை எண்ணினால் 14 நிமிடம் 48 வினாடி!

பத்து வினாடி என்ன பிரமாதம் என்கிறீர்களா? பிரபஞ்சம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் எத்தனை நியூட்ரான்கள் மிஞ்சின என்பதைப் பொறுத்தே ஹீலியம் என்ற வாயு உண்டாயிற்று. ஆயுளின் கணக்கு மாறினால் அதுவும் மாறும்.

கணக்குப் போடுவோருக்கும் ஓயாத வேலை. மிளகு மூட்டையை நிறுக்கும்போது சாக்கின் எடையையும் கவனிக்கிறோம் அல்லவா? அதுபோல, எலெக்ட்ரானின் மின்சக்தி செய்யும் சிறு வேலைகளுக்காக நூற்றுக்குச் சுமார் நாலு பங்கு திருத்தம் சேர்க்கிறார்கள். 2021-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்தார், கலத்தில் அடைக்கும் முறையில், அரை வினாடிக்கும் குறைவான பிசகோடு அளந்தார்கள். அந்தப் பத்து வினாடி எங்கே போயிற்று என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.