பெற்றோர் வெளிநாட்டில், பேரப்பிள்ளைகள் பாட்டி வீட்டில்: தாத்தா, பாட்டிக்குச் சட்டம் தரும் இடம் என்ன?

கொச்சி: கொச்சி மாநகரின் கலூர் பகுதியில் காலை வேளையில் பள்ளி வாகனத்துக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகளின் அருகே, புத்தகப் பையைச் சுமந்தபடி நிற்கும் முதியவர்களைக் காண்பது புதிதல்ல. பணி ஓய்வு பெற்று, ஓய்வூதியத்தில் அமைதியாக நாட்களைக் கழிக்கலாம் என்று எண்ணியிருந்த அப்பூப்பனும் அம்மும்மாவும், பெற்றோர் வளைகுடா நாடுகளில் பணிபுரியும் வீடுகளில் மீண்டும் ஒருமுறை பிள்ளை வளர்க்கத் தொடங்கியுள்ளனர்.

பிள்ளையை அன்றாடம் வளர்ப்பவர் ஒருவர். சட்டத்தின் பார்வையில் பாதுகாவலர் வேறொருவர். சாதாரண நாட்களில் இந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பிள்ளைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்போதும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும்தான் அது வெளிப்படுகிறது.

பிள்ளைகள் ஊரில் தங்குவது ஏன்?

2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின் மதிப்பீட்டின்படி, சுமார் 22 லட்சம் கேரள மக்கள் வெளிநாடுகளில் வசிக்கின்றனர். 2015-இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட இதே போன்ற ஆய்விலும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. எனவே இது கேரளத்துக்கு மட்டும் உரிய நிலை அல்ல.

குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல அனைவராலும் இயல்வதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தினருக்கு விசா பெற, மாத ஊதியம் 4,000 திர்ஹாம் அல்லது 3,000 திர்ஹாமுடன் தங்குமிடம் இருக்க வேண்டும் என 2019-இல் விதி வகுக்கப்பட்டது. சவுதி அரேபியாவில் தனியார் துறை வெளிநாட்டுப் பணியாளர்களைச் சார்ந்து வாழும் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் உயர்ந்து 2020-இல் அது 400 ரியாலானது. மனைவியும் இரு பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1,200 ரியால் இதற்கே செலவாகும். குறைந்த ஊதியம் பெறுவோர் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி வைப்பதற்கு இக்கணக்கே போதிய காரணம்.

பெற்றோர் உள்ளூரிலேயே பணிபுரியும் வீடுகளிலும் பகல் நேரப் பொறுப்பு பெரியவர்கள் மீதே விழுகிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி அளிக்க வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. சிறிய கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டம் கூறுவது என்ன?

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி, பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தையும் அவருக்கு அடுத்தபடியாகத் தாயும் ஆவர். தந்தை உயிருடன் இருக்கும்போதும், அவர் பொறுப்பேற்க இயலாத சூழலில் தாய் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தெளிவுபடுத்தியது. அந்தப் பட்டியலில் தாத்தா, பாட்டி இல்லை. எத்தனை ஆண்டுகள் வளர்த்திருந்தாலும் அவர்கள் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேவைப்பட்டால், அனைத்து மதத்தினருக்கும் பொருந்தும் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

அவ்வாறு நாடும்போது முதுமை ஒரு தடையல்ல. கொரோனா இரண்டாம் அலையில் பெற்றோர் இருவரையும் இழந்த குஜராத் சிறுவனின் வழக்கில், தாயின் சகோதரியிடம் அவனை ஒப்படைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தந்தைவழித் தாத்தா, பாட்டியிடம் ஒப்படைத்தது. வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோல் ஆகா என்றும், நம் சமூகத்தில் பேரப்பிள்ளைகளை அக்கறையோடு பேணுபவர்கள் தாத்தா, பாட்டியே என்றும் நீதிபதிகள் கருதினர்.

மருத்துவமனையில் கையெழுத்திடுவது யார்?

சிகிச்சைக்குப் பெற்றோரின் ஒப்புதலை மருத்துவமனைகள் கேட்பது வழக்கம். எனினும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நலனுக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயலுக்குப் பாதுகாவலர் மட்டுமன்றி, அப்பிள்ளையைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவரும் ஒப்புதல் அளிக்கலாம் என்கிறது. பெற்றோர் ஒப்படைத்துச் சென்ற பிள்ளையைப் பேணும் பாட்டிக்கு இது துணை நிற்கும். ஒப்புதல் பெற அவகாசமே இல்லாத நெருக்கடியில் நல்லெண்ணத்துடன் சிகிச்சையளிக்கும் மருத்துவருக்கு 30-ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

பிள்ளையின் மருத்துவம், கல்வி ஆகியவை குறித்து முடிவெடுக்கத் தாத்தா அல்லது பாட்டிக்கு அதிகாரம் அளிக்கும் கடிதத்தைப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்றுடன் விட்டுச் செல்வது பயன் தரும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, ஒவ்வாமை விவரம், மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் வைக்கலாம். பள்ளிப் பதிவேட்டில் உள்ளூர்ப் பொறுப்பாளராக அவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் சேர்க்கச் செய்யலாம்.

ஏற்கெனவே வெளிநாடு சென்றுவிட்ட பெற்றோர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். கடவுச்சீட்டுக்கும் தூதரகச் சான்றுடன் கூடிய பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும்.

அன்புக்கும் அளவு உண்டா?

ஆஸ்திரேலியாவில் 57 முதல் 68 வயது வரையிலான 186 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பேணிய பாட்டிகள் அறிவுத்திறன் சோதனைகளில் சிறப்பாகச் செயல்பட்டனர். ஐந்து நாட்களோ அதற்கு மேலோ பேணியவர்களிடம் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் குறைவாகக் காணப்பட்டன. பெற்றோர் அயல்நாட்டில் உள்ள வீடுகளில் வாரம் முழுவதும் பொறுப்பு பெரியவர்களுடையதே என்பதால், இம்முடிவு கவனத்துக்குரியது.

பிள்ளையின் தடுப்பூசி நாளை மறவாத பாட்டி, தம் இரத்த அழுத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது வீடுகளில் இயல்பாக நடப்பது. கேரளத்தின் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 65 வயது கடந்தோருக்கு ‘வயோமித்ரம்’ திட்டத்தின் கீழ் மருத்துவப் பரிசோதனையும் மருந்துகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதத்தில் சில நாட்களேனும் உறவினரோ, ஊதியம் பெறும் உதவியாளரோ பொறுப்பேற்க ஏற்பாடு செய்வது பணம் அனுப்புவதைப் போன்றே பெற்றோரின் கடமை.

பிற நாடுகளில்

ஊதியத்துடன் கூடிய பெற்றோர் விடுப்பின் ஒரு பகுதியைத் தாத்தா, பாட்டிக்கு மாற்றித் தர சுவீடன் 2024 ஜூலை முதல் அனுமதிக்கிறது. பிரிட்டனில், ஓய்வூதிய வயதை எட்டாத தாத்தா, பாட்டி 12 வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளைகளைப் பேணினால், அக்காலம் அவர்களின் ஓய்வூதியத் தகுதிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

இந்தியாவில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற வழி செய்கிறது. ஆனால் அது கைவிடப்பட்ட முதியோரை எண்ணி இயற்றப்பட்டது. பேரப்பிள்ளைகளுக்காக உழைக்கும் முதியோரைப் பற்றி அது பேசவில்லை. மூத்த குடிமக்களுக்கெனத் தனி ஆணையம் அமைக்கும் சட்டத்தைக் கேரளம் 2025-இல் நிறைவேற்றியது. கலூரின் தெருக்களில் புத்தகப் பை சுமக்கும் முதியோரின் உழைப்பும் அதன் கவனத்துக்கு வர வேண்டிய ஒன்றே. அதுவரை, ஒப்புதல் கடிதமும் கோப்பும் ஆயத்தமாக வைத்திருப்பது குடும்பங்களின் பொறுப்பாகவே நீடிக்கும்.