வீட்டு கம்ப்யூட்டரில் விஞ்ஞானக் கணக்கு: வேகம் எங்கே தொலைகிறது?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையையும், அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததையும் தென்சென்னையில் யாரும் மறந்துவிடவில்லை. அந்த மழைக்குப் புவி வெப்பமாதல்தான் காரணமா என்று நெதர்லாந்தின் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஃபிரீடெரிகே ஓட்டோ, டெல்லி ஐஐடியின் கிருஷ்ண அச்சுதராவ் உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. 2016-இல் அமெரிக்க வானிலை ஆய்வுச் சங்க இதழில் கட்டுரை வந்தது. அந்த ஒருநாள் பெருமழையில் புவி வெப்பமாதலின் தடயம் தெரியவில்லை, காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் அதன் விளைவை இதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்த ஆய்வுக்குக் கைகொடுத்த கருவிகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் 'வெதர் அட் ஹோம்'. உலகெங்கும் சாதாரண மக்கள் தங்கள் வீட்டு கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தை இலவசமாகக் கொடுத்துப் போட்ட வானிலைக் கணக்குகளின் தொகுப்பு அது. நம் ஊர் வெள்ளத்துக்காக எங்கோ ஒரு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இரவெல்லாம் ஓடியிருக்கிறது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களும் இந்தப் பணிக்கு வர வேண்டும், வந்தால் உருப்படியாக உழைக்க வேண்டும் என்ற ஆசையில் இந்த விளக்கங்கள்.

எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஒன்று ஓடி என்ன ஆகப்போகிறது? சூப்பர் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவே?

கணக்குகளில் இரண்டு வகை. ஒரு வகையில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று நொடிக்கு நொடி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் 144 கம்ப்யூட்டர்களைக் கோத்து உருவாக்கிய 'கப்ரு' அப்படிப்பட்ட வேலைக்கானது. அதை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது.

இன்னொரு வகையில் ஒரே கணக்கைத் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி ஆயிரக்கணக்கான முறை போட வேண்டும். டிசம்பர் 1 போன்ற மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று கேட்டால், ஒரே ஆண்டின் வானிலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். ஒவ்வொரு ஓட்டமும் தனி, பக்கத்து வீட்டு ஓட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கேதான் வீட்டு கம்ப்யூட்டருக்கு மரியாதை. 2010-இல் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டத்தில் ஒரு புதிய பல்சார் நட்சத்திரம் கிடைத்தது. அதைக் கண்டது அமெரிக்காவின் அயோவாவிலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் இருந்த தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்கள்தான். 2020-இல் கொரோனா வைரஸின் புரதங்களை ஆராய மக்கள் திரண்டபோது, 'ஃபோல்டிங் அட் ஹோம்' அந்நாளைய எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் எட்டாத எக்ஸாஃப்ளாப் என்ற வேக எல்லையைத் தாண்டியது.

எப்படிச் சேருவது?

'பாயிங்க்' என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இறக்கி, பிடித்த திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது இது. ஃபோல்டிங் போன்ற சில திட்டங்களுக்குத் தனி மென்பொருள்.

நாள் முழுக்க ஓடவிட்டும், முடித்த கணக்குகளுக்குத் திட்டம் தரும் மதிப்பெண் ஏறுவதில்லை. பழைய கம்ப்யூட்டர் என்பதாலா?

வயதைக் குறை சொல்வதற்கு முன் சைடு பேனலைக் கழற்றிப் பாருங்கள். பிராசசர் மேல் இருக்கும் ஃபேனை எடுத்தால், அதற்குக் கீழே ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் தூசு படிந்து கம்பளி போல ஒட்டிக் கிடக்கும். நகத்தால் கிள்ளினால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்று போக வழியே இல்லை. பிராசசர் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. டாஸ்க் மேனேஜரில் 100 சதவீதம் என்றே காட்டும். நான்கு மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆகும்.

சென்னைக்கு இது இரட்டைச் சிக்கல். ஹீட் சிங்க் அறையின் வெப்பத்துக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். ஜனவரியில் 26 டிகிரி இருந்த அறை கத்திரி வெயிலில் 36 ஆனால், பிராசசரும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். குளிர்காலத்தில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் மே மாதத்தில் தள்ளாடுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது சிக்கலான வேலை இல்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கைகள் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் வைத்து ஊதுங்கள். பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்து பொருக்காகிவிடும். ரிச்சி தெருவில் ஒரு சின்ன ட்யூப் வாங்கி, பழையதைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைக்கவே வேண்டாம். உப்புக்காற்று கனெக்டர்களை அரித்துவிடும். மேசையின் மூடிய அறைக்குள் சிபியூவை அடைத்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அங்கே தன் வெப்பக்காற்றையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

இதை எல்லாம் செய்யாமல் புது பிராசசருக்குக் காசு செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எட்டு கோர் இருக்கிறது. எட்டையும் கொடுத்தால்தானே முழு வேகம்?

முதலில் அது எட்டு கோரா, நான்கு கோர் எட்டு த்ரெட்டா என்று பாருங்கள். ஒரே கோரில் இரண்டு வேலையை ஏற்றினால் மொத்த உற்பத்தி கொஞ்சம் கூடலாம், இரட்டிப்பாகாது. வானிலைக் கணக்கு, பகா எண் தேடும் 'கிம்ப்ஸ்' கணக்கு போன்றவற்றில் குறையவும் கூடும். ஏனென்றால் அவை மெமரியிலிருந்து ஓயாமல் எண்களை இழுப்பவை. தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் இன்னும் ஆயிரம் பேர் நுழைந்தால் கடைக்காரரிடம் யாரும் சீக்கிரம் போய்ச் சேர்வதில்லை, அதே நெரிசல்தான் இங்கேயும். இத்தகைய திட்டங்களுக்கு நிஜமான கோர்களின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலருடைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ரேம் தகடுதான் செருகியிருக்கிறது. 16 ஜிபி ஒரே தகடாக இருப்பதைவிட, 8 ஜிபி தகடு இரண்டை ஜோடியாகப் போட்டால் மெமரிப் பாதை இரண்டாகும். இந்த வகைக் கணக்குகளில் அதன் பலன் நன்றாகவே தெரியும்.

பாயிங்க் அமைப்பில் இரண்டு சதவீதங்கள் இருக்கும். எத்தனை சதவீத பிராசசர்கள் என்பது ஒன்று, எத்தனை சதவீத நேரம் என்பது மற்றொன்று. சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் முதலாவதைக் குறையுங்கள். இரண்டாவதைக் குறைத்தால் வேலை விட்டு விட்டு ஓடும், வெப்பமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திவைக்கும்போது வேலையை மெமரியிலேயே வைத்திரு என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மவுஸைத் தொடும் ஒவ்வொரு முறையும் கடைசியாகச் சேமித்த இடத்துக்குக் கணக்கு பின்வாங்கும்.

கிராஃபிக்ஸ் கார்டு உதவுமா?

அந்தத் திட்டம் அதற்கென்று நிரல் எழுதியிருந்தால் மட்டும். வானிலைத் திட்டத்தில் பயன் இல்லை, ஐன்ஸ்டைனிலும் ஃபோல்டிங்கிலும் பெரும் பயன். 2024 அக்டோபரில் கிம்ப்ஸ் கண்ட 4,10,24,320 இலக்கப் பகா எண், கிராஃபிக்ஸ் சிப்களின் துணையால் கிடைத்தது. கார்டுக்குத் தீனி போட ஒரு கோரைச் சும்மா விட்டுவையுங்கள். கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கினாலும் வேகம் சிறிதளவே குறையும், இரைச்சலும் சூடும் நன்றாக அடங்கும்.

கரன்ட் பில்?

நியாயமான பயம். கணக்குப் போட்டே பார்ப்போம். சும்மா இருக்கும்போது 50 வாட்டும் முழு வேகத்தில் 200 வாட்டும் இழுக்கும் கம்ப்யூட்டர் என்றால், கூடுதல் 150 வாட். நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாத ரீடிங்குக்கு 216 யூனிட்.

தமிழ்நாட்டில் 500 யூனிட் என்பது பெரிய கோடு. ஏற்கெனவே 450 யூனிட் ஓட்டும் வீடு 666-க்குப் போனால், 2024 ஜூலைக் கட்டணப்படி அந்தக் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் 1,800 ரூபாய்க்கு மேல் ஆகும். 500-க்குள் இருப்போருக்குக் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் போய்விடும். ஆகவே என் யோசனை இதுதான்: உங்கள் வீட்டுப் பில் 500-க்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடைவெளிக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். தினம் எட்டு மணி நேரம் என்றால் மேலே சொன்ன கம்ப்யூட்டர் 72 யூனிட்டோடு நிற்கும்.

அதே யூனிட்டில் அதிகக் கணக்கு வாங்கவும் வழி உண்டு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ வேகம் நின்றுவிடும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்காக பிராசசர் வோல்டேஜை ஏற்றுகிறது. வோல்டேஜ் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கமாக ஏறும். எனவே டர்போவை நிறுத்தினால் வேகத்தில் இழப்பதைவிட வாட்டில் மிச்சமாவது அதிகம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, ஒரு வேலை முடிய எத்தனை யூனிட் ஆகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு மணிக்கு எத்தனை வேலை என்பதைவிட அந்த எண்தான் முக்கியம்.

ஏசி அறையில் ஓட்டினால் அந்த வெப்பத்தை வெளியேற்றவும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். இரவில் ஓட்டுவது நல்லது, காற்றாவது குளிர்ந்திருக்கும். மாடியில் சோலார் வைத்தவர்கள் பகலில் ஓட்டட்டும்.

பாதியில் கரன்ட் போனால்?

பெரும்பாலான கணக்குகள் அவ்வப்போது தங்கள் நிலையைச் சேமித்துக்கொள்ளும், விட்ட இடத்திலிருந்து தொடரும். வானிலைக் கணக்கு கொஞ்சம் நோஞ்சான். நாள் கணக்கில் ஓடும், திடீரென அணைந்தால் சில சமயம் முற்றிலும் கெட்டுவிடும். அதற்கு யூபிஎஸ் அவசியம். நீங்களே அணைக்கும்போதும் முதலில் பாயிங்க்கை மூடிவிட்டு அணையுங்கள்.

கெடு தேதியையும் கவனியுங்கள். ஐந்து நாள் வேலையை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு தினம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் கெடு தாண்டும், அதே வேலை வேறொருவருக்குப் போகும். கையிருப்பு அரை நாளுக்குப் போதும்.

ஓவர்கிளாக் செய்யலாமா?

வேண்டாம். விளையாட்டில் ஒரு பிக்சல் தப்பானால் கண்ணுக்குத் தெரியாது. இங்கே ஒரு பிட் தப்பானால் விடை தப்பு. பல திட்டங்கள் ஒரே வேலையை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுகின்றன. உங்கள் விடை ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும், உங்கள் மின்சாரம் வீண். உங்கள் கணக்குப் பக்கத்தில் 'செல்லாதவை' என்ற பட்டியல் காலியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

லேப்டாப், செல்போனில்?

லேப்டாப்பில் பாதி கோர் மட்டும், டர்போ இல்லாமல், மேசை மேல் வைத்து. மெத்தை மேல் கூடவே கூடாது. பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், எப்போதும் 100-இல் சூடாகவே இருக்கும் பேட்டரி உப்பிவிடும். ஆண்ட்ராய்டுக்கும் பாயிங்க் உண்டு. நம் ஊர் வெயிலில் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் போடலாமா?

எழுத்துமூல அனுமதி இல்லாமல் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கல்லூரி கம்ப்யூட்டர்களில் இப்படி ஒரு திட்டத்தை நிறுவிய ஊழியர் மேல் கிரிமினல் வழக்கே பாய்ந்தது. வீட்டிலும் கவனம் தேவை. 'ஓய்வு நேரத்துக்குப் பணம் தருகிறோம்' என்று வரும் மென்பொருள்கள் வேறு ரகம், அவற்றை அண்டவிடாதீர்கள்.

எந்தத் திட்டத்தில் சேரலாம்?

வானிலைத் திட்டத்தில் எல்லா நேரமும் வேலை இருக்காது, வரும்போது வரும். அதனால் இரண்டாவதாக ஒன்றையும் சேர்த்து வையுங்கள். ஐன்ஸ்டைன் அட் ஹோம், லைகோ கருவிகளின் தரவுகளில் ஈர்ப்பு அலைகளைத் தேடுகிறது. ஒரு காலத்தில் தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் இயங்கி, இப்போது சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தாரும் லைகோ ஆய்வில் பங்குபெறுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. கணிதத்தில் ஆசை உள்ளவர்களுக்கு இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனம் நடத்தும் 'ராமானுஜன் மெஷின்' உண்டு. பை போன்ற மாறிலிகளுக்குப் புதிய தொடர்பின்னச் சூத்திரங்களைத் தேடும் திட்டம் அது. திருவல்லிக்கேணியில் சிலேட்டில் எழுதி அழித்தபடி ராமானுஜன் தேடியது போன்ற சூத்திரங்களை, இரண்டு தெரு தள்ளி உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் இரவில் தேடலாம். கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் ஃபோல்டிங்கைத் தேர்ந்தெடுங்கள், பழைய கம்ப்யூட்டர் என்றால் மெமரி குறைவாகக் கேட்கும் திட்டமாகப் பார்த்துச் சேருங்கள்.