கடையிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர் திறக்கவில்லையா?

செஞ்சியில் மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் சிலர், கணக்கு முழுவதையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, கடையிலிருந்து நெட் மூலம் திறந்து பார்க்கிறோம். கொள்முதலுக்கு வெளியூர் போனாலும் யார் பாக்கி எவ்வளவு என்று உடனே தெரிகிறது. ஆனால் மாதம் 20ஆம் தேதி, ஜி.எஸ்.டி. 3பி அனுப்பும் நேரத்தில் 'கனெக்ட் ஆகவில்லை' என்று வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. தாமதக் கட்டணமும் சேரும்.

ராஜகிரிக் கோட்டைக்குள் போகப் பல வாசல்களைத் தாண்ட வேண்டும் அல்லவா? இதுவும் அப்படித்தான். எந்த வாசல் மூடியிருக்கிறது என்று முதலிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. கரண்ட்: கம்ப்யூட்டர் ஓடினால்தான் வெளியிலிருந்து திறக்கும். சும்மா இருந்தால் சிறிது நேரத்தில் அது 'ஸ்லீப்' நிலைக்குப் போய்விடும்; பவர் செட்டிங்கில் ஸ்லீப் என்பதை 'நெவர்' என மாற்றவும். கரண்ட் போய் வந்தபின் தானே ஆன் ஆகும்படி பயாஸில் வழி உண்டு. சர்வீஸ் ஆளிடம் சொல்லி வைத்துவிடலாம்.

2. நெட்: வீட்டில் உள்ளவரிடம் செல்போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது திறக்கச் சொல்லுங்கள். திறக்கவில்லையென்றால் கோளாறு ரவுட்டரிலோ லைனிலோதான்.

3. விண்டோஸ்: 'ரிமோட் டெஸ்க்டாப்' மூலம் வெளியார் உள்ளே வர 'ஹோம்' பதிப்பு இடம் தராது, 'ப்ரோ' பதிப்பு வேண்டும். பாஸ்வேர்டு இல்லாத கணக்கிலும் நுழைய முடியாது.

4. விலாசம்: 192.168 என்று தொடங்கும் எண் வீட்டுக்குள் மட்டும் செல்லும். அறை எண்ணை மட்டும் எழுதினால் தபால் வந்து சேருமா? வெளி எண்ணோ, ரவுட்டர் நின்று ஓடும்போது மாறிவிடக்கூடும். மேலும், உலகத்தின் பொது இருப்பிலிருந்த பழைய வகை எண்கள் 2011இல் தீர்ந்துபோயின. அதனால் பல நெட் கம்பெனிகள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. ரவுட்டரின் வெளி எண் 100.64 முதல் 100.127 வரையிலான ஒன்றில் தொடங்கினால் உங்களுடையதும் பங்கு எண்தான். அதற்கு வெளியிலிருந்து வழி திறக்க முடியாது. 'ஸ்டாடிக் ஐ.பி.' கேட்டு வாங்கலாம். அல்லது எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றைப் போடலாம். இவற்றில் இரண்டு கம்ப்யூட்டர்களும் நடுவில் உள்ள ஒரு சர்வரைத் தேடிப் போய்ச் சந்திப்பதால் விலாசத் தொல்லை இல்லை. ஆனால் இவை இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. வியாபாரத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். கனெக்ட் ஆகவில்லை என்பதற்காக, ரவுட்டரில் 3389 என்ற வாசலை உலகத்துக்கே திறந்து வைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் 2019இல் கண்ட ஓட்டை மிகக் கடுமையானது என்பதால், ஆதரவு நின்றுபோன பழைய எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. அந்த வழிதான் வேண்டும் என்றால் வி.பி.என். போட்டு, அதன் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, மாற்றுவது நல்லது.

'பேங்கிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள், எண்ணைச் சொல்லுங்கள்' என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். இது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யவும்.

கல்லாச் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டோம். அந்த எண்ணும் பாஸ்வேர்டும் கல்லாச் சாவிதான். கடைப் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் இதை இன்றே சொல்லி வைக்க வேண்டுகிறோம்.