தொலைநோக்கி ஆடிகளில் பனிபடிதல்

தொலைநோக்கி ஆடிகளில் பனிபடிதல் என்பது ஆடியின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கும்போது, காற்றிலுள்ள நீராவி ஆடிப்பரப்பில் நுண்துளிகளாகப் படியும் நிகழ்வாகும். பனி படிந்த ஆடி ஒளியைச் சிதறடிப்பதால் மங்கலான விண்பொருட்கள் முதலில் மறைகின்றன.

காரணம்

தெளிந்த இரவில் வானை நோக்கியுள்ள பரப்புகள் வெப்பக் கதிர்வீச்சால் வெப்பத்தை இழந்து, காற்றைவிடக் குளிர்கின்றன. காற்றின் வெப்பநிலை 24 °செ, ஒப்பு ஈரப்பதன் 60% எனில் பனிநிலை ஏறத்தாழ 15.8 °செ ஆகும். ஈரப்பதன் 90% எனில் அது 22.3 °செ ஆக உயர்கிறது. அந்நிலையில் ஆடி 2 பாகை குளிர்ந்தாலே பனி படியும். அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற சமவெளி ஊர்களில், வான்நோக்கலுக்கு ஏற்ற மார்கழி, தை மாதங்களின் தெளிந்த, காற்றசைவற்ற இரவுகளே பனி மிகுந்த இரவுகளாகவும் உள்ளன.

குளிர்வித்தலும் பனியும்

பகலில் வெப்பமேறிய ஆடி, இரவில் காற்றைவிடச் சூடாக இருக்கும். அதன்மேல் எழும் வெப்பக்காற்று விண்மீன்களின் உருவைக் கலங்கச் செய்யும். குறைந்த வெப்ப விரிவுடைய கண்ணாடியாலான ஆடி வடிவம் மாறாது எனினும், இக்கலக்கம் அதற்கும் உண்டு. எனவே முதன்மை ஆடியின் பின்புறம் சிறிய மின்விசிறி பொருத்தி அதனைக் குளிர்விக்கின்றனர்.

விசிறிக் காற்றால் ஆடி காற்றின் வெப்பநிலையை நெருங்குமே தவிர, அதற்குக் கீழே குறிப்பிடத்தக்க அளவு இறங்காது. கதிர்வீச்சால் மிகையாகக் குளிர்ந்த பரப்புக்கு அதே காற்று வெப்பத்தைத் திருப்பி அளிக்கிறது. ஆகவே முறையான காற்றோட்டம் உருக்கலக்கத்தையும் பனியையும் ஒருங்கே குறைக்கும். காற்று ஏறத்தாழ நிறைவுற்ற ஈரப்பதனை அடையும்போது மட்டும் விசிறி பயன் தராது.

தடுக்கும் முறைகள்

* நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் குழாயின் அடியிலுள்ள முதன்மை ஆடியை விட, மேல்முனையிலுள்ள சிறிய துணை ஆடியில் பனி விரைவில் படியும். அதன் பின்புறம் சிறு மின்தடைகளால் இலேசாகச் சூடேற்றலாம். மிகையான சூடு மீண்டும் உருவைக் கலக்கும்.
* குழாயின் வாயை அட்டையால் நீட்டினால் கதிர்வீச்சு இழப்பு குறையும்.
* குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து தொலைநோக்கியை நேரே வெளியே கொணர்ந்து திறக்கலாகாது. மூடிய நிலையிலேயே வெளி வெப்பநிலையை அடையவிட வேண்டும்.
* படிந்த பனியைத் துணியால் துடைக்கலாகாது. அலுமினியப் பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 100 நானோமீட்டர் மட்டுமே. பனியுடன் ஒட்டிய தூசு அதனைக் கீறிவிடும். மெல்லிய காற்றோட்டத்தில் உலரவிடுவதே முறை.

வானாய்வகங்களில்

ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய பெரிய ஆடிகளைப் பொறுத்தவரை, ஈரப்பதன் வரம்பைத் தாண்டும்போது நோக்கலை நிறுத்திக் குவிமாடத்தை மூடுவதே உறுதியான பாதுகாப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலம் காவலூரில் நோக்கலுக்கு ஏற்றதன்று. மாறாக, ஏறத்தாழ 4500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் ஆன்லே வறண்ட குளிர்பாலைவனமாதலால், அங்கு காற்றிலுள்ள நீராவி மிகக் குறைவு. 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டதற்கு இவ்வறட்சியும் ஒரு காரணமாகும்.