தானுகந்த திருமேனி

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள இராமானுஜர் திருவுருவத்தைத் தானுகந்த திருமேனி என்பார்கள். மரபுக் கணக்குப்படி 1017இல் இவ்வூரில் பிறந்த இராமானுஜர், முதுமையில் திருவரங்கத்தில் வாழ்ந்தார். அவர் பிறந்த ஊரில் வைக்கச் சீடர்கள் ஓர் உருவம் செய்தார்கள் என்றும், அதை அவரே மார்போடு தழுவித் தம் ஆற்றலை அதற்குள் செலுத்தினார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. அது நிறுவப்பட்ட தைப்பூச நாள் இன்றும் விழா நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அமர்ந்த கோலம், கூப்பிய கைகள், நெற்றியில் திருமண், காவியாடை, தோளோடு சாய்ந்த முக்கோல். ஒற்றைக் கோல் ஏந்தும் அத்வைதத் துறவியரிலிருந்து ஸ்ரீவைணவத் துறவியைப் பிரித்துக் காட்டுவது இந்த முக்கோல்தான். பழைய எகிப்தியரும் தங்கள் தெய்வங்களை இப்படித்தான் அறிந்தார்கள்: பருந்துத் தலையால் ஹோரஸையும், குள்ளநரித் தலையால் அனுபிஸையும் அடையாளம் கண்டார்கள். அங்கும் உருவத்தைவிட அடையாளமே முதலில் பேசியது.

சிலைக்கு உயிர் உண்டு என்ற நம்பிக்கையும் எகிப்தில் இருந்தது. வாய் திறக்கும் சடங்கு முடிந்த பிறகே சிலையோ மம்மியோ உண்ணவும் பேசவும் வல்லதாகும் என்று கருதினார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்திய அரசர் துட்டன்காமுன் கல்லறைச் சுவரில், அடுத்த அரசர் ஆய் வாச்சி போன்ற கருவியை ஏந்தி இச்சடங்கைச் செய்கிறார். அபிடோஸில் அரசர் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் புடைப்புச் சிற்பங்கள் அன்றாடப் பூசையை வரிசையாகக் காட்டுகின்றன: கருவறைக் கதவைத் திறத்தல், தூபம் காட்டுதல், புத்தாடை உடுத்துதல், நறுமணத் தைலம் பூசுதல். நாள்தோறும் பூசை செய்தவர்கள் குருக்கள். சுவரிலோ அரசர் ஒருவரே எல்லாவற்றையும் செய்கிறார். தெய்வங்களுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவர் அரசர் என்பது அவர்கள் கொள்கை.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பிலே தீவின் ஐசிஸ் கோயில் மூடப்பட்டதோடு அந்த வழிபாடு ஓய்ந்தது. செய்யும் கைகள் இல்லாததால், அச்சடங்குகளை அறியச் சுவரையும் பாப்பிரஸ் சுருள்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் திருமஞ்சனம் (நீராட்டு), சாற்றுப்படி (அலங்காரம்), தளிகை (உணவுப் படையல்), புறப்பாடு (ஊர்வலம்) எல்லாம் அர்ச்சகர்களின் கைப்பழக்கத்திலேயே தொடர்கின்றன. இங்கே கல்லில் செதுக்கியதைவிட, நாளும் கலைத்துப் புதிதாகச் செய்யும் அலங்காரமே பெரிய கலை.

சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய பத்து நாள் அவதார விழாவில் இது நன்கு தெரியும். சோழ அரசனுக்குத் தப்பி இராமானுஜர் வெள்ளாடையில் மேல்கோட்டைப் பக்கம் போனதை நினைத்து, அதில் ஒரு நாள் காவி களைந்து வெள்ளை சாற்றுகிறார்கள். கார் ஆலைகள் சூழ்ந்த இந்த ஊரின் தெருக்களில் அன்று இராமானுஜரின் உற்சவர் (ஊர்வலத் திருமேனி) வெண்ணிறக் கோலத்தில் எழுந்தருள்கிறார்.